ரெங்கத்திலிருந்து ஒரு பாட்டுக் கச்சேரிக்கு

ஜொகூர் மாநிலத்தில் ரெங்கம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெயர்ப் பலகையில் காண்பது சிம்பாங் ரெங்கம். நான் எழுதப் போவது அதற்குக் கிழக்கே, இரயில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் சின்ன ரெங்கத்தைப் பற்றி. வடக்கே குளுவாங், தெற்கே லாயாங் லாயாங். நடுவில் ஒரு கடைத்தெரு, ஓர் இரயில் நிலையம், சுற்றிலும் தோட்டங்கள்.

1909-ஆம் ஆண்டு கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை போட்டு முடிந்தது. அதன் பிறகு அந்தப் பாதையின் இரு பக்கமும் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். அந்த ரப்பர் மரத்தைச் சீவ வந்தவர்களின் பேரப் பிள்ளைகள்தாம் நாம். இன்று இங்கே ரப்பர் மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். எங்கள் பக்கத்தில் எலாயிஸ் என்று ஒரு தோட்டமே உண்டு. அது செம்பனையின் தாவரவியல் பெயர் என்று வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் நான் கதை விடுவதாக நினைத்துச் சிரிக்கிறார்கள்.

ஊரில் கோயில் உண்டு, பள்ளி உண்டு, நல்ல காப்பிக் கடை உண்டு. பெரிய கச்சேரி நடக்கும் அரங்கம் மட்டும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து பாடகர் வந்தாலும், பரத நாட்டியம் நடந்தாலும், தெற்கே ஜொகூர் பாருவுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளிக் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். இரண்டு காலும் நன்றாக உள்ளவர்களுக்கே இது ஒரு பிரயாணம். ஒரு கால் இல்லாதவரை அழைத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திடலில் டிக்கெட் இல்லை

என் அத்தை, அதாவது என் தகப்பனாரின் மூத்த சகோதரி, பதினாறு வயதில் மங்கும் வாளியும் எடுத்தவர். முதலில் பால்மரக் காட்டில், பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி, ஐம்பத்தைந்து வயது வரை உழைத்தவர். இனிப்பு நீர் வியாதி வந்து, பாதத்தில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல், ஐந்து ஆண்டுகளுக்கு முன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நம் தோட்டங்களில் இப்படிக் காலை இழந்தவர் இல்லாத லயம் உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

அத்தைக்குப் பாட்டு என்றால் உயிர். சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடியது எந்தப் படம், எந்த ஆண்டு என்று கேட்டால் பட்டென்று சொல்வார். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பெரட்டு மணி அடிக்கும் இடத்தில் கோயில் திருவிழா நாடகம் நடக்கும். பாயை எடுத்துக்கொண்டு போனால் அதுதான் இருக்கை. நடக்க முடியாத கிழவரை யாராவது முதுகில் சுமந்து வந்து முன்னால் உட்கார வைப்பார்கள். எல்லாரும் தரையில் இருப்பதால் யாரும் யாரையும் மறைப்பதில்லை. எண் போட்ட நாற்காலியும் இல்லை, அதற்கு ஏறிப் போகும் படியும் இல்லை.

இப்போது தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்குக் குடி பெயர்ந்துவிட்டார்கள். கச்சேரி மண்டபத்துக்குள் போய்விட்டது. மண்டபத்துக்குப் படி வந்துவிட்டது. அத்தையும் மெல்ல மெல்லக் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்தினார், பிறகு திருவிழாவை, பிறகு காது குத்தை. யார் அழைத்தாலும், "எனக்கு வேணாம்யா, நீங்க போயிட்டு வாங்க" என்பார். உடம்புக்கு முடியவில்லை போலும் என்று நாங்களும் விட்டுவிடுவோம். பிறருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே அவர் வேண்டாம் என்று சொல்லிப் பழகிக்கொண்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

இந்த நிலையில்தான் கோலாலம்பூரில் ஒரு பழைய பாடல் இன்னிசை மாலை என்று விளம்பரம் வந்தது. அத்தை அந்த விளம்பரத்தை இரண்டு முறை படித்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

"கொஞ்சம் படிதாண்ணே"

இந்தக் காலத்தில் நுழைவுச் சீட்டு வாங்குவது கைப்பேசியில் நடக்கும் காரியம். அரங்கத்தின் படம் திரையில் வருகிறது. விலைக்கு ஒரு நிறமாக, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக நாற்காலிகள் தெரிகின்றன. விரலால் தொட்டால் அந்த நாற்காலி நமக்கு. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவர் எந்த நிறத்தைத் தொடுவது? அதற்கு ஒரு நிறம் இல்லை. கீழே சிறு எழுத்தில் ஒரு தொலைபேசி எண் மட்டும் இருந்தது.

அந்த எண்ணில் பேசியவர் ஓர் இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். "படி கொஞ்சந்தாண்ணே. ரெண்டு பேரு தூக்கிட்டா முடிஞ்சிடும்" என்றார்.

"கொஞ்சம்னா எத்தனை தம்பி?"

"ஒரு பத்து இருக்கும்ணே. அன்னிக்கு வாங்க, பார்த்துக்கலாம்."

அன்றைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குச் சரி. 300 கிலோமீட்டர் கடந்து போய், வாசலில் நின்று, முடியாது என்று திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். நான் விடாமல் கேட்கவே, அவர் தாராளமாக ஒன்று சொன்னார். "பாட்டிக்கு டிக்கெட்டே வேணாம்ணே. ஃபிரீயா உள்ள விட்டு, ஓரமா ஒக்கார வச்சிடறோம்."

இதை அத்தையிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஓசியில போனா ஓரமாத்தான் ஒக்காரணும். காசு குடுய்யா. காசு குடுத்தா நாற்காலியக் கேக்கலாம்" என்றார். எழுதப் படிக்க அதிகம் தெரியாத அத்தை சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு மேல் இந்த விஷயத்தில் நான் எங்கும் படித்ததில்லை.

பிறகு சீட்டு விற்பவரை விட்டுவிட்டு, அரங்கத்தின் அலுவலகத்துக்கே பேசினேன். மலாய்க்கார அம்மையார் ஒருவர் எடுத்தார். "எனக்கும் எண்ணிக்கை தெரியாது, போய்ப் பார்த்துவிட்டு அழைக்கிறேன்" என்றார். அரை மணி நேரத்தில் அழைக்கவும் செய்தார். முன் வாசலில் பதினான்கு படி. உள்ளே அந்த விலை இருக்கைகளுக்கு இன்னும் ஒன்பது படி. ஆனால் பின்பக்கம் வாத்தியங்களையும் ஒலிபெருக்கிகளையும் தள்ளிக்கொண்டு போகச் சாய்தளம் ஒன்று இருக்கிறது. அந்தக் கதவு வழியே வந்தால் ஆறாவது வரிசையின் ஓரத்துக்குப் படியே இல்லாமல் வரலாம். அங்கே இரண்டு நாற்காலிகளைக் கழற்றிவிட்டால் சக்கர நாற்காலி நிற்கும். அடுத்த நாற்காலியில் நான் உட்காரலாம்.

வழி முன்பே இருந்திருக்கிறது. மேளத்துக்கும் பெட்டிக்கும் இருந்த வழி மனிதருக்கும் உண்டா என்று யாரும் அதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான். எழுந்து போய் எண்ணிப் பார்த்த அந்த அம்மையாருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இரண்டு சீட்டுக்கும் முழு விலை கொடுத்து வாங்கினேன்.

இரயிலில் ஒரு நாள்

அத்தைக்குச் சமூக நல இலாகா கொடுக்கும் ஓகேயு அட்டை இருக்கிறது. கால் எடுக்கப்பட்டவர்களுக்கும் இந்த அட்டை உண்டு என்பது தோட்டத்தில் பலருக்குத் தெரியாது; பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவரின் சான்றோடு இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். பதியாவிட்டால் தானாக வராது. இந்த அட்டை இருந்தால் இரயிலில் பாதிக் கட்டணம்.

முன்பு டீசல் வண்டி ஓடிய காலத்தில், எங்கள் பக்கத்து நிலையங்களில் மேடை தாழ்வாக இருக்கும், பெட்டி உயரமாக இருக்கும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். சக்கர நாற்காலி என்றால் ஆளை ஒருவர், நாற்காலியை ஒருவர் என்று தூக்க வேண்டும். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரட்டைப் பாதை போட்டு மின்சார இரயில் விட்ட பிறகு இது மாறியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 30-ஆம் தேதி குளுவாங் வரைக்கும், அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி ஜொகூர் பாரு வரைக்கும் இந்த வண்டி வந்தது. புதிய நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது. மேடையும் பெட்டியும் ஒரே மட்டம். சக்கர நாற்காலிக்கு வண்டியில் தனி இடம் இருக்கிறது.

நாங்கள் ரெங்கத்திலிருந்து காடியில் குளுவாங்குக்குப் போய் வண்டி ஏறினோம். 1938-இல் தொடங்கிய குளுவாங் இரயில் நிலையக் காப்பிக் கடையின் பெயரைக் கேட்டாலே அத்தைக்கு நாக்கில் நீர் ஊறும். ஆனால் அன்றைக்குக் காப்பி வேண்டாம் என்றார். வண்டியில் தண்ணீர் கொடுத்தேன், அதையும் வேண்டாம் என்றார். நண்பகல் ஆன பிறகு அழுத்திக் கேட்டேன். "போற எடத்துல ஒண்ணுக்குப் போக வழி இருக்கோ இல்லையோ" என்று மெதுவாகச் சொன்னார். இனிப்பு நீர் உள்ளவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்து! ஒரு பாட்டுக் கேட்பதற்காக அந்த அம்மாள் விடியற்காலை முதல் நாக்கைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வண்டியில் உள்ள வசதியான கழிவறையைக் காட்டிய பிறகுதான் ஒரு குவளை தண்ணீர் குடித்தார்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் நடைபாதையில் பார்வையற்றவர்கள் கோலால் தடவி நடக்க மேடு பள்ளமாக வரி போட்ட மஞ்சள் கற்களைப் பதித்திருக்கிறார்கள். அத்தை அந்த வரிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "கண்ணு தெரியாதவங்களுக்குத் தரையில எழுதி வச்சிருக்காங்க" என்று வியந்தார். அங்கேயே வாழையிலைச் சாப்பாடு முடித்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனோம்.

எல்லாரும் எழுந்தபோது

அந்த அம்மையார் சொன்னபடியே பின்கதவு திறந்திருந்தது. நாற்காலிகள் இரண்டு கழற்றப்பட்டிருந்தன. விளக்கு அணைந்து முதல் பாட்டு தொடங்கியதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டுக்கு முன் வரும் வாத்திய இசையிலேயே இன்ன பாட்டு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இடைவேளையில் கழிவறைக்குப் போனோம். கதவில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. திறந்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் மடக்கு மேசைகளும் அடுக்கியிருந்தார்கள். பணியாளர் ஓடி வந்து எடுத்து வைத்து, மன்னிப்பும் கேட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கதவை யாரும் திறக்கப் போவதில்லை என்று எல்லாருமே நினைத்திருக்கிறார்கள்.

கடைசியில் துள்ளல் பாட்டு ஒன்று வந்தது. முன்னால் இருந்த ஐந்து வரிசையும் எழுந்து ஆடத் தொடங்கியது. அத்தைக்கு மேடை மறைந்து, முதுகுகள்தாம் தெரிந்தன. யாரிடமும் கோபித்துக்கொள்ள முடியாது. பாட்டு கேட்டால் எழுந்து ஆடுவது மனித இயல்பு. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி முடிந்து வெளியே வந்ததும், "நல்லாருந்துச்சுய்யா. கடைசிப் பாட்டு மட்டும் ரேடியோவுல கேட்ட மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊருக்குத் திரும்பிய பின் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம் வந்தது. அதன் 26-ஆவது பிரிவு பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் பற்றியது. 31-ஆவது பிரிவு கலை பண்பாட்டு வாழ்க்கையைப் பற்றியது. 32-ஆவது பிரிவு பொழுதுபோக்கு, விளையாட்டு இவற்றைப் பற்றியது. மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் இவற்றில் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. 2010-இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் நம் நாடு ஏற்றது. ஆனால் சட்டத்தை மீறினால் இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. பல்லில்லாத சட்டம் என்று உடற்பேறு குறைந்தோர் சங்கங்கள் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆயினும் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. தாமாக நடக்க முடியாதவர்களை ஏற்றுவதில்லை என்ற ஏர்ஏசியா விமான நிறுவனத்தின் விதியை எதிர்த்து, 2007-இல் சக்கர நாற்காலியில் இருப்போர் சிப்பாங் விமான முனையத்தில் கூடி மறியல் செய்தார்கள். அதன் பிறகு அந்நிறுவனம், சக்கர நாற்காலியோடு ஆளை விமானக் கதவு வரை உயர்த்தும் வண்டிகளைக் கொண்டு வந்தது. நம் இனத்தைச் சேர்ந்த பத்மாவதி கிருஷ்ணன் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேலவை உறுப்பினராகப் பணியாற்றியிருக்கிறார்.

நுழைவுச் சீட்டு விஷயத்தில் தெளிவாக விதி எழுதி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே 2011 மார்ச் 15 முதல் நடப்பில் உள்ள விதி இது: மற்ற சீட்டுகள் விற்கும் அதே நாளில், அதே நேரத்தில், அதே வழியில் சக்கர நாற்காலி இடங்களையும் விற்க வேண்டும். அதே பகுதியிலுள்ள மற்ற இருக்கைகளைவிட விலை கூடக் கூடாது. அந்த இடத்தை வாங்குபவர் தம் துணைக்கு அதே வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகள் மூன்று வரை வாங்கலாம். ஊனத்துக்கு அத்தாட்சி காட்டு என்று கேட்கக் கூடாது. அரங்கத்தில் மற்ற இருக்கைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டால், மீந்திருக்கும் இந்த இடங்களைப் பிறருக்கு விற்றுக்கொள்ளலாம். ஆகவே நடத்துகிறவருக்கும் நஷ்டமில்லை.

அத்தையின் கடைசிப் பாட்டு விஷயமும் அந்த நாட்டில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய அரங்கம் கட்டிக்கொண்டிருந்தபோது, முடமான முன்னாள் படைவீரர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றாலும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஆட்டம் தெரிய வேண்டும் என்பது வழக்கு. ஏறத்தாழ எல்லாச் சக்கர நாற்காலி இடங்களும் அப்படித்தான் அமைய வேண்டும் என்று 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உள்ளே விட்டால் மட்டும் போதாது, பார்க்கவும் முடிய வேண்டும் என்று படைவீரர்கள் வாதாடி வாங்கிய நியாயம் அது.

தமிழ்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. சென்னை மெரினா கடற்கரையில் மணலைத் தாண்ட முடியாமல், சக்கர நாற்காலியில் இருப்போர் தூரத்திலிருந்தே அலையைப் பார்த்து வந்தார்கள். 2022 நவம்பர் 27-ஆம் தேதி, நீர் வரைக்கும் மரப்பலகைப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சீர் செய்தார்கள். கட்டுவது ஒரு வேலை என்றால், கட்டியதைக் காப்பது இன்னொரு வேலை. துடைப்பம் அடுக்கிய கழிவறையும் இதையேதான் சொல்கிறது.

சீட்டு வாங்கும் முன் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்து, அவரையும் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போக நினைத்தால், பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. காடியை விட்டு இறங்கும் இடத்திலிருந்து இருக்கை வரை எத்தனை படி? "கொஞ்சம்" என்றால், எண்ணிச் சொல்லும்படி பணிவாகக் கேளுங்கள்.

2. படி இல்லாத வழி எது? அந்தக் கதவை யார் திறப்பார்? பொருள் ஏற்றும் பின்வாசலைப் பற்றி மறக்காமல் விசாரியுங்கள்.

3. சக்கர நாற்காலியிலேயே இருக்கலாமா, இல்லை அரங்கத்து நாற்காலிக்கு மாற வேண்டுமா? மாறினால் சக்கர நாற்காலியை எங்கே வைப்பார்கள்?

4. துணைக்கு வருபவர் பக்கத்திலேயே உட்காரலாமா?

5. முன்னால் இருப்பவர்கள் எழுந்தால் மேடை தெரியுமா?

6. கழிவறையில் சக்கர நாற்காலி நுழையுமா? வாசலில் மேடு உண்டா? உள்ளே பொருள் அடுக்கியிருக்கிறதா?

7. சீட்டு விற்பவர் சொன்னதை அரங்கத்தின் அலுவலகத்திலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்து வைத்து, பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் உள்ளவர் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், ஒரு முறை கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். வழியை விசாரித்து வைத்துக்கொண்டு இரண்டாம் முறை கேளுங்கள்.

நம் கோயில் மண்டபத்தில்

பட்டணத்து அரங்கங்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் நியாயமாகாது. பத்துமலையில் 272 படி இருக்கிறது, அது மலை. நம் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கும் பள்ளி மேடைக்கும் இருப்பது மூன்றே படி. ஆனால் ஏற முடியாதவருக்கு மூன்றும் மலைதான்.

சாய்தளத்துக்குக் கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் உயரம் பதினெட்டு அங்குலம். ஆகவே பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். கொத்து வேலை தெரிந்த நம் பையன்கள் சில நாளில் போட்டுவிடுவார்கள். அவசரத்துக்குப் பலகையைச் சாய்த்துச் செங்குத்தாகத் தள்ளினால், நாற்காலி பின்னால் கவிழும். அதைச் செய்யாதீர்கள்.

இடத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு சக்கர நாற்காலிக்கு மூன்றடி அகலம், நான்கடி நீளம். அமெரிக்க விதிப்படி 300 பேர் அமரும் மண்டபத்துக்கு இப்படி ஐந்து இடம் வேண்டும். நாமும் ஐந்து இடம் விடலாம். ஐந்தையும் ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு மூலையில் ஒதுக்கிவிடாமல், முன் வரிசையின் ஓரங்களில், பக்கத்தில் துணைக்கு ஒரு நாற்காலியோடு விட வேண்டும். முன் வரிசையில் இருந்தால், பின்னால் யார் எழுந்து ஆடினாலும் அவர்களுக்கு மறைக்காது. முன் வரிசை பிரமுகர்களுக்கு என்று வழக்கமாக ஒதுக்குகிறோம். காட்டில் முப்பது நாற்பது ஆண்டு உழைத்துக் காலைக் கொடுத்தவர்களைவிடப் பெரிய பிரமுகர் தோட்டத்தில் யார்?

இதையெல்லாம் எங்கள் ஆலய நிர்வாகக் கூட்டத்தில் சொன்னேன். செலவு ஆகுமே என்றார் ஒருவர். இதுவரை அப்படி யாரும் திருவிழாவுக்கு வருவதில்லையே என்றார் இன்னொருவர். வழி இல்லாததால்தான் வருவதில்லை என்றார், தகப்பனாரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த ஒரு தம்பி. அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. சாய்தளத்துக்குச் சிமெண்டு வாங்கித் தருவதாக இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

திருவிழா நோட்டீஸ் அச்சடிக்கும்போது உபயக்காரர் பெயர், அன்னதான நேரம், கலை நிகழ்ச்சி என்று பக்கம் முழுவதும் போடுகிறோம். அதன் அடியில் இன்னும் ஒரு வரி சேர்க்க ஒரு காசும் ஆகாது: "சக்கர நாற்காலியில் வருவோருக்கு முன் வரிசையில் இடம் உண்டு, முன்கூட்டியே தெரிவிக்கவும்." வாசகர்களே, உங்கள் தோட்டத்து நோட்டீசில் இந்த வரி இருக்கிறதா என்று அடுத்த முறை பாருங்கள். இல்லாவிட்டால் அச்சுக்குப் போகும் முன் சேர்க்கச் சொல்லுங்கள்.